யாரைக் கேட்பது? சிங்கப்பூர் தேவாலயத்தில் ஒரு பரோக் மாலைக்குப் போகிறவர்களுக்கு

பரோக் என்பது ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை. அதைக் கேட்க முதல் முறை போகிறவர்கள், இயேசுவின் துன்பங்களையும் மரணத்தையும் பாடும் பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். மகத்தான படைப்புதான். ஆனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம், முழுக்க ஜெர்மன். மர வாங்கில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து, ஒரு சொல்லும் புரியாமல், கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு வருவதில்லை. அழைத்துப் போனவர் மேல் கோபம் வேறு.

விவால்டியின் ‘குளோரியா’வில் தொடங்குங்கள். அரை மணி நேரம், பன்னிரண்டு சிறு பகுதிகள். ஒன்று பிடிக்கவில்லை என்றாலும் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். வெனிஸ் நகரத்தில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்த பியத்தா இல்லத்தில் விவால்டி வயலின் ஆசிரியராக இருந்தார். அந்தப் பெண்கள் பாடவும் வாசிக்கவும் எழுதியது இது என்று கருதுகிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு வரிகளும் புதிதல்ல. ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் அதே வானவர் கீதம்தான், லத்தீனில். ஆஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போகும் நண்பர் யாராவது இருந்தால் வரிக்கு வரி பொருள் சொல்லிவிடுவார்.

டிசம்பரில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹாண்டெலின் ‘மெசாயா’. 1741இல் 24 நாளில் எழுதி முடித்தது. முழுதாகப் பாடினால் சுமார் இரண்டரை மணி நேரம். பல குழுக்கள் சுருக்கித்தான் பாடும். ஆங்கிலம் என்பதால் பயமில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் ஒரே சொல்லை நான்கு குரல்கள் நான்கு நேரத்தில் பாடும்போது ஆங்கிலமும் கிரேக்கம்தான். வரிகள் எல்லாம் பைபிளிலிருந்து எடுத்தவை. தமிழ் பைபிளில் ஏசாயா 9, 40, 53 ஆகிய மூன்று அதிகாரங்களையும் முந்தின நாள் படித்துவிடுங்கள். எந்த மதத்தவரானாலும் அது நல்ல தமிழ், வீண் போகாது.

நான் ஓர் அமெச்சூர் சேர்ந்திசைக் குழுவில் பேஸ் வரிசையில், அதாவது ஆண்களின் கீழ்க் குரல் வரிசையில், நிற்பவன். பகலில் கப்பல் சரக்குக் கணக்கு, இரவில் ஒத்திகை. என் மாமியார் தஞ்சாவூர்க்காரர். காம்போதியைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்கிறவர். எங்கள் நிகழ்ச்சிக்கு முதலில் வந்தபோது இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மாப்பிள்ளை, இத்தனை பேர் பாடுகிறார்களே, இதில் யாரைக் கேட்பது?”

இந்த இசையைப் பற்றி அதைவிடச் சரியான கேள்வியை நான் கேள்விப்பட்டதில்லை. பதில்: கீழே இருப்பவரை.

நம் கச்சேரியில் மெட்டு ஒன்றுதான். வயலின் அதைத் தொடர்ந்து வரும், மிருதங்கம் அதைத் தாங்கும், தம்புரா அடியில் ஓடும். அதனால் நம் காது தன்னாலே மேல் இழையைப் பிடித்துக்கொள்ளும். பரோக் சேர்ந்திசையில் அப்படிப் பிடித்தால் எல்லாவற்றுக்கும் மேலே பாடும் சொப்ரானோ குரல் மட்டும் கேட்கும், மற்றதெல்லாம் பின்னால் ஓர் இரைச்சலாகிவிடும். சொப்ரானோவைக் கேட்க நீங்கள் பாடுபட வேண்டியதில்லை. அது தானே வந்து காதில் உட்காரும். கவனத்தைக் கீழே அனுப்புங்கள். செல்லோ, டபுள் பேஸ், அவற்றோடு ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு மூத்த, தந்தியைச் சுண்டி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி) இடது கை, பாடகர்களில் எங்கள் பேஸ் வரிசை. அந்த இழை எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் மேலே இருக்கும் மூன்று குரல்களும் (சொப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ, ஆண்களின் உயர் குரலான டெனர்) ஏன் அப்படி நகர்கின்றன என்பது புரியத் தொடங்கும். அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் பல இடங்களில் அடிக் குரலை மட்டும் எழுதி, அதன் மேலோ கீழோ 6, 7, 4 என்று எண்களைப் போட்டு விட்டுவிடுவார்கள். அந்த எண்களைப் பார்த்து ஹார்ப்சிகார்ட் வாசிக்கிறவர் நடுவில் வரும் சுரக் கட்டுகளை அந்த நொடியில் தானே இட்டு நிரப்ப வேண்டும். ‘மனோதர்மம் இல்லாத சங்கீதம்’ என்று இதை ஒதுக்கும் மாமாக்களுக்கு இந்த எண்களைக் காட்டுங்கள்.

பேஸ் பாடுகிறவன் பேஸைத்தான் புகழ்வான் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கட்டும்.

வீட்டில் ஒரு பயிற்சி செய்யலாம். சிங்கப்பூரில் ஏதாவது ஒரு ஹோட்டல் கல்யாணத்துக்குப் போயிருந்தால் பாகெல்பெல்லின் ‘கேனன்’ உங்கள் காதில் விழுந்திருக்கும். மணப்பெண் நடந்து வரும்போது போடுவது. அதன் அடியில் எட்டே சுரங்கள். டி சுரத்தைச் சட்ஜமாக வைத்தால் ச ப த க ம ச ம ப. எல்லாம் சங்கராபரண சுரங்கள். இந்த எட்டும் மாறாமல் 28 முறை வருகின்றன. மேலே மூன்று வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டைத் தொடங்கி என்னென்னவோ செய்கின்றன. கீழே செல்லோ வாசிக்கிறவர் எட்டைத் தாண்டுவதே இல்லை. முதலில் அந்த எட்டை மட்டும் வாய்க்குள் பாடிக்கொண்டு கேளுங்கள். ‘ச ப’ என்ற இறக்கம் வரும்போதெல்லாம் புதிய சுற்று தொடங்குகிறது என்று அர்த்தம். சில முறை கேட்ட பிறகு பாடாமலேயே அது உள்ளே ஓடும். அப்போது வயலின்களைக் கேளுங்கள். முன்பு அழகாக மட்டும் இருந்தது இப்போது எதன் மேல் நிற்கிறது என்று தெரியும்.

ஒரு முக்கியமான விஷயம்: இதைக் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுப் பயனில்லை. அந்தச் சிறு துளைகளால் கீழ்ச் சுரங்களை எழுப்ப முடியாது; நீங்கள் தேடும் இழையே அங்கே இருக்காது. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

இது பிடிபட்டவர்கள் அடுத்தபடியாகப் பாக்கின் பி மைனர் திருப்பலியில் சிலுவைப்பாட்டைச் சொல்லும் ‘குருசிஃபிக்சுஸ்’ பகுதியைத் தேடிக் கேட்கலாம். அங்கும் அடியில் ஒரு சிறு இழை. அரை அரைச் சுரமாக இறங்கி வருவது. பன்னிரண்டு முறை அதே இறக்கம். 13ஆவது முறை மேலே வாசித்துக்கொண்டிருந்த புல்லாங்குழலும் வயலினும் விலகிக்கொள்ள, அடி இழை கடைசியில் வேறு திசையில் திரும்பி, துக்க சுருதியிலிருந்து, தெளிந்த மேஜர் சுருதியில் போய் இறங்கும். அடக்கம் செய்யப்பட்டதைச் சொல்லும் சொற்களில். அடுத்த நொடி உயிர்த்தெழுதலின் டிரம்பெட்டுகள். கீழ்க் குரலைக் கவனிக்காதவருக்கு இது மெதுவான பாட்டு ஒன்று முடிந்து வேகமான பாட்டு ஒன்று தொடங்கியதாக மட்டுமே தோன்றும்.

இனி இடம். தேவாலயம் அரங்கம் அல்ல. அங்கே சுவரும் சேர்ந்து பாடும். நகர மண்டபம் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1856இல் அடிக்கல் நாட்டி, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுப்பி, 1862இல் அர்ச்சிக்கப்பட்டது. சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் அடித்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு தெரியும். இப்படிக் கெட்டியான சுவரும் உயரமான கூரையும் உள்ள இடத்தில் பாட்டு நின்ற பிறகும் ஒலி சில விநாடி சுற்றிக்கொண்டிருக்கும். பேராலயத்தின் உள்ளே அமர்ந்து மேற்கத்திய இசை கேட்கும்போது இந்தச் சுவரைப் பூசியவர்களையும் ஒரு நிமிடம் நினைப்பது என் வழக்கம். அவர்களுக்குச் சீட்டு வாங்கும் வசதி இருந்ததில்லை.

நல்லாயன் பேராலயம் அதற்கு மூத்தது. 1847இல் திறந்தது, சிங்கப்பூரின் மிகப் பழைய கத்தோலிக்க ஆலயம். பின்பக்க மாடத்தில் இருக்கும் குழாய் ஆர்கன் 1912இல் லண்டன் பெவிங்டன் நிறுவனம் செய்தது. பரோக் நிகழ்ச்சிக்கு அதையே வாசிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் முன்னால், பாடகர்களுக்கு நடுவே, அலமாரி அளவில் ஒரு பெட்டி ஆர்கன் வைத்திருப்பார்கள். அடிக் குரலுக்குத் துணை செய்ய அது போதும்.

எங்கே உட்காருவது? முதல் வரிசை வேண்டாம்; பக்கத்தில் இருக்கும் ஒரு வயலின் மட்டும்தான் கேட்கும். கடைசி வரிசைகளும் வேண்டாம்; வேகமான ஓட்டங்கள் அங்கே வந்து சேரும்போது ஒன்றோடொன்று குழைந்துவிடும். மாடத்துக்கு அடியில் உட்கார்ந்தால் ஒலி மேலே போய்விடும். முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்குள், நடு நடைபாதையை ஒட்டி. முன்னாலேயே போனால் ஹார்ப்சிகார்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். செல்லோ அதன் அருகில்தான் இருக்கும். அந்தச் செல்லோக்காரரின் வில் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காது தடுமாறும்போது கண் உதவும். தூண் மறைக்கும் இருக்கைகளை மலிவாக விற்பார்கள். தூணுக்குப் பின்னால் எங்கள் பேஸ் வளைந்து வந்து சேரும்; மெய்யெழுத்துகள் வராது. சொற்கள் முக்கியம் என்றால் அந்தச் சீட்டை வாங்காதீர்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஏழரைக்கோ எட்டுக்கோ தொடங்கும். உள்ளே தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. ஆறு மணிக்குத் தேக்காவில் இரண்டு தோசை. அங்கிருந்து லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பூகிஸ். நல்லாயன் பேராலயத்துக்கு அங்கிருந்து நடந்துவிடலாம். பிராஸ் பாசா நிலையம் இன்னும் பக்கம். டிசம்பர் என்றால் குடை. நனைந்த குடையைப் பக்கத்தில் சாய்த்து வைக்காதீர்கள், மெல்லப் பாடும் இடமாகப் பார்த்துச் சரிந்து விழும். காலடியில் படுக்கப் போடுங்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். இங்கே வேண்டாம். புடவையோ வேட்டியோ கால்சட்டையோ, தோளும் முழங்காலும் மூடியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்: குளிரூட்டி பலமாக இருந்தால் போர்த்திக்கொள்ள, இல்லாவிட்டால் மடித்து வாங்கின் மேல் போட்டு உட்கார. கத்தோலிக்க ஆலயங்களில் முன் வாங்கின் பின்புறம் முழந்தாளிட ஒரு பலகை மடக்கி வைத்திருக்கும். கால் வைக்க வசதி என்று நினைத்து அதன் மேல் கால் வைக்காதீர்கள், அது வழிபாட்டுக்கு. மடக்கியிருப்பதை முழங்காலால் இடித்துவிடாமலும் இருங்கள். அது தரையில் விழும் சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்கும், யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இருமல் மிட்டாயை வீட்டிலேயே உறையைப் பிரித்து டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள்.

அடுத்தது நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. தாளம் போடாதீர்கள். தொடையில் போட்டாலும் பரவாயில்லை, வாங்கில் போடாதீர்கள். ஒரே நீளப் பலகை. இந்த முனையில் நீங்கள் விரலால் தட்டுவது அந்த முனையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் போய் முடியும். உள்ளங்கையில் விரல் வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘மெசாயா’வின் முதல் சேர்ந்திசைப் பாடல் மூன்று மூன்றாக நடக்கும், ஆல்டோக்கள் தொடங்குவது. நீங்கள் திஸ்ரத்தில் எண்ணிக்கொண்டே போனால் சில வாக்கியங்கள் முடிகிற இடத்தில் கணக்கு இடறும். இரண்டு மூன்றுகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இரண்டுகள் வந்து போயிருக்கும். ஆறு அட்சரம் ஆறாகவே இருக்கும், வெட்டும் இடம் மட்டும் மாறும். ஹெமியோலா என்று பெயர். நடன இசையிலிருந்து வந்த பழக்கம், ஹாண்டெலுக்கு இது கைவந்த கலை. மாமியாருக்கு இதைக் காட்டிய பிறகுதான் அவர் இந்த இசையை ஒரு பொருட்டாக மதித்தார்.

குழு உள்ளே வந்ததும் வயலின்களைப் பாருங்கள். காலத்துக்குரிய கருவிகளில் வாசிக்கும் குழு என்றால் (சிங்கப்பூரில் 2018இல் இதற்கென்றே தொடங்கிய ரெட் டாட் பரோக் இருக்கிறது) நரம்புகள் எஃகு அல்ல, விலங்குக் குடலில் முறுக்கியவை. வில்லின் குச்சி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். முகவாய் தாங்கும் கட்டை இருக்காது. அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. பாலுசாமி தீட்சிதர் மதராஸில் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த காலத்தில் இன்றைய வயலின் இன்னும் முழு உருவம் எடுத்திருக்கவில்லை. ஆள் உயரத்துக்குக் கழுத்து நீண்ட ஒரு பெரிய லூட் (விரலால் மீட்டும் தந்திக் கருவி) தெரிந்தால் அதுதான் தியார்போ, அதுவும் அடிக் குரல் கோஷ்டியைச் சேர்ந்தது. சுருதியும் தாழ்வு: இன்றைய வழக்கத்தில் ஏ சுரம் விநாடிக்கு 440 அதிர்வு, இவர்களுக்குப் பெரும்பாலும் 415. ஏறக்குறைய அரைக் கட்டை குறைவு. உயர்ந்த சுரங்களில் பாடகர்கள் முக்காமல் பாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடல் நரம்புக்கு நம் ஊர் ஈரக் காற்று ஆகாது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் சுருதி நகரும். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் அவர்கள் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தால் பொறுமையாக இருங்கள். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிற நேரத்தைச் சகித்துக்கொள்கிறவர்கள்தானே நாம். இடைவேளையில் எல்லாரும் வெளியே போகும்போது ஒருவர் மட்டும் ஹார்ப்சிகார்டின் மேல் குனிந்து ஒவ்வொரு தந்தியாகத் தட்டித் தட்டிச் சரிசெய்வார். கழிப்பறை வரிசையில் நிற்கப்போவதில்லை என்றால் கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பாருங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், அவருக்குக் காது வேண்டும்.

டிரம்பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கால டிரம்பெட்டில் அழுத்தும் கட்டைகள் கிடையாது. வெறும் குழாய், உதட்டால் எழும்பும் சுரங்கள் மட்டும். அதனால் அது பொருந்தும் சுருதிகள் சில. டி மேஜர் அதற்கு உகந்தது. ‘குளோரியா’வின் தொடக்கம், ‘மெசாயா’வின் ‘அல்லேலூயா’, பாக்கின் ‘மக்னிஃபிக்காத்’தின் பின்னாளைய வடிவம், மூன்றும் டி மேஜரில் இருப்பது தற்செயல் அல்ல. டிம்பனி முரசு இரண்டும் டி, ஏ என்று கட்டியிருக்கும், அதாவது ச, ப. ‘மெசாயா’வில் அந்த முரசுக்காரரைக் கவனியுங்கள். முதல் பாகம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டாம் பாகத்திலும் கடைசி வரை வேலையில்லை. ‘அல்லேலூயா’ நெருங்கும்போது தோலின் மேல் காதை வைத்து, ஒரு விரலால் தொடுவதுபோலத் தட்டி, சுருதியைச் சரிபார்த்துக்கொள்வார். நிமிர்ந்து உட்காருவார். ஹாண்டெல் முரசை அதற்காகவே கட்டிக் காத்து வைத்திருந்தார்.

‘அல்லேலூயா’வுக்கு எழுந்து நிற்க வேண்டுமா? இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றார், அதனால் எல்லாரும் நின்றார்கள் என்று கதை. அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்தால் எழுங்கள், முழங்கால் வலி என்றால் உட்கார்ந்தே இருங்கள். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாகப் பாடியபோது இதைவிடப் பெரிய கவலை இருந்தது: கூட்டம். பெண்கள் விரிந்த வளையப் பாவாடை அணியாமலும், ஆண்கள் இடையில் வாள் செருகாமலும் வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். அப்படிச் சுமார் 700 பேரை அடைத்தார்கள். வசூலில் ஒரு பகுதி கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்கப் போனது. 142 பேர் வெளியே வந்தார்கள். தேவாலய நிகழ்ச்சிகளில் வாசலில் நன்கொடைப் பெட்டி நீட்டும்போது முகம் சுளிக்கிறவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

கைதட்டல்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. பகுதிகளுக்கு நடுவே தட்ட வேண்டாம். நடத்துநர் கையைக் கீழே தொங்கவிட்டு நம் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். பொறி ஒன்று இருக்கிறது. ‘அல்லேலூயா’ முடிவதற்குச் சற்று முன் எல்லாரும் சட்டென்று நிறுத்துவார்கள். முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை, கடைசி ‘அல்லேலூயா’ மெதுவாக, பெரிதாக இனிமேல்தான் வரும். அந்த ஓட்டைக்குள் யாராவது ஒருவர் கைதட்டாமல் போவது அபூர்வம். ‘மெசாயா’வின் கடைசிப் பகுதியான ‘ஆமென்’னிலும் அதே பொறி.

அந்த ‘ஆமென்’னில்தான் ஃபியூக் என்ற வித்தையைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். சொல் ஒன்றே ஒன்று, அகராதி வேண்டாம். தொடங்குகிறவர்கள் நாங்கள், பேஸ். மெட்டு மெல்ல ஏறும். நாங்கள் அதைப் பாடி முடிக்கும் இடத்தில் டெனர்கள் அதே மெட்டைத் தங்கள் உயரத்தில் எடுப்பார்கள். நாங்கள் நிற்காமல் அதற்கு எதிராக வேறொன்று பாடிக்கொண்டிருப்போம். பிறகு ஆல்டோ, பிறகு சொப்ரானோ. நால்வரும் வந்து சேர்ந்ததும் திடீரென்று பாட்டு நின்று, வயலின்கள் மட்டும் தனியாக அதே மெட்டை வாசிக்கும், ஏறக்குறைய துணையே இல்லாமல். அப்போது உங்களுக்கு ஒரு மூச்சு விட நேரம். அதன் பிறகு மெட்டு எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். ஒவ்வொரு முறையும் யார் தொடங்குகிறார் என்று மட்டும் தேடுங்கள், முழுவதையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். மெட்டு எங்கள் வரிசைக்குத் திரும்பும்போது தரையிலிருந்து வருவதுபோல் இருக்கும். அதைத் தவறவிடாமல் இருந்தால் அன்றைய டிக்கெட் காசு வசூல்.

தனிப்பாடல்களுக்கு வேறு முறை. பெரும்பாலும் மூன்று கட்டம்: ஒரு பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, பிறகு முதல் பகுதியே மறுபடி. ‘இதைத்தான் முன்பே பாடிவிட்டாரே’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வரும்போது பாடகர் அதில் சங்கதி சேர்க்க வேண்டும் என்பது அந்தக் கால விதி. முதல் முறை மெட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால்தான் இரண்டாம் முறை அவர் எங்கே வளைத்தார், எங்கே நெளித்தார் என்று தெரியும். எதையும் சேர்க்காமல் அப்படியே திருப்பிப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம், நான் தயங்காமல் சொல்வேன்.

இரண்டு மூன்று மாலைகளுக்குப் பிறகு, தவக்காலத்தில், மத்தேயுவுக்குப் போகலாம். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பெரிய வெள்ளியன்று பாமாலையில் ‘இரத்தம் காயம் குத்தும்’ என்று பாடுகிறோமே, அந்த மெட்டு அதில் ஐந்து இடங்களில் வருகிறது. ஹாஸ்லர் என்பவர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு அது. பக்திப் பாட்டாகி, பாக் கைக்கு வந்து, ஜெர்மன் மிஷனரிகளின் ஞானப்பாட்டு மரபு வழியே நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு படித்தது ஹாலே நகரத்தில். ஹாண்டெல் பிறந்ததும் அங்கேதான். மெட்டு ஐந்து முறையும் ஒன்றேதான், அதன் அடியில் ஓடும் குரல்கள்தான் மாறுகின்றன. கடைசியாக இயேசு உயிர் விட்ட உடனே வரும் இடத்தில் பேஸ் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் அப்பா அந்தப் பாட்டை நூறு பெரிய வெள்ளி பாடியவர்போல் பாடுவார், அவரிடம் இந்த இடத்தைப் போட்டுக் காட்டியபோது “நம் பாட்டை எடுத்து இப்படிச் செய்துவிட்டானா?” என்றார், பாதி கோபம் பாதி பெருமை.

நிகழ்ச்சி முடிந்ததும் உடனே வாசலுக்கு ஓட வேண்டாம். கருவிகளைப் பெட்டியில் வைப்பதற்கு முன் அருகில் போய்ப் பார்க்கலாம். தியார்போக்காரர்களுக்குத் தங்கள் கருவியைப் பற்றிப் பேசுவதைவிட மகிழ்ச்சி வேறில்லை. தொடுவதற்கு முன் கேளுங்கள். ஹார்ப்சிகார்டைக் கேட்டும் தொடாதீர்கள்.

பாடிப் பார்க்கலாம் என்று தோன்றினால் தாராளமாக வாருங்கள். 1980இல் தொடங்கிய சிங்கப்பூர் சிம்ஃபனி கோரஸ் போன்ற பெரிய குழுக்கள் குரல் தேர்வு வைத்து எடுக்கும். சிறிய குழுக்களில் அந்தக் கெடுபிடி குறைவு. மேற்கத்திய இசைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தால் நல்லது, சரளி வரிசை பாடிய காது இருந்தால் ஒரு வருடத்தில் அதுவும் வந்துவிடும். சொப்ரானோவுக்கு எல்லாக் குழுவிலும் காத்திருப்போர் பட்டியல். ஆண்களுக்குப் பஞ்சம்தான், பெரும்பாலான குழுக்களில் மறுவாரமே ஒத்திகைக்கு வரச் சொல்லிவிடுவார்கள்.